கல்கியை முடித்தாயிற்று, அடுத்து யார்? அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழி

பொன்னியின் செல்வனின் ஐந்தாம் பாகத்தை மூடி வைத்தவர்களுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிக் கோளாறுதான் வருகிறது. அடுத்து எதை எடுத்தாலும் ஓட மாட்டேன் என்கிறது. எங்கள் வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "கல்கி மாதிரி வேற யாரு சார் இருக்காங்க?" என்பதுதான். 2022இலும் 2023இலும் படம் இரண்டு பாகமாக வந்து போன பிறகு கேட்பவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள்.

கல்கி மாதிரி என்று யாரும் கிடையாது. கேட்பவருக்கு வேண்டியதும் முழுக் கல்கி அல்ல, கல்கியில் அவருக்குப் பிடித்த ஏதோ ஒரு அம்சம்தான். ஒருவருக்குக் குதிரையும் வாளும், இன்னொருவருக்கு நந்தினியின் சூழ்ச்சி, மூன்றாமவருக்கு ஆழ்வார்க்கடியானின் வாய். அது எது என்று பிடித்துவிட்டால் எழுத்தாளர் தானாகக் கிடைத்துவிடுவார். கீழே உள்ளதில் உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்விடுங்கள். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்கத் தேவையில்லை.

எதற்கும் முன்: உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா?

செலவே இல்லாத சோதனை இது. "கல்கி முடிச்சாச்சு" என்பவர்களில் பெரும்பாலோர் முடித்திருப்பது பொன்னியின் செல்வனை மட்டும். சிவகாமியின் சபதம் நான்கு பாகம் இருக்கிறது. பார்த்திபன் கனவு இருக்கிறது. பார்த்திபன் கனவு முதலில் வந்தது (1941-42), சிவகாமியின் சபதம் பின்னால் வந்தது (1944-46). ஆனால் கதைப்படி சிவகாமிதான் முந்தியது. கதை வரிசையில் படித்தால் பார்த்திபன் கனவில் வரும் நரசிம்மவர்மரின் மேல் ஒரு தனி வாஞ்சை வரும். எழுதிய வரிசையில் படித்தால் கல்கியின் கை எப்படி வளர்ந்தது என்று தெரியும். முதல் தடவைக்குக் கதை வரிசையே நல்லது.

இந்த மூன்றையும் முடித்தவர்கள்கூட 'மோகினித் தீவு', 'சோலைமலை இளவரசி' இரண்டையும் விட்டிருப்பார்கள். இரண்டும் சிறியவை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று போதும். முன்னது பர்மாவிலிருந்து தப்பி வருகிற ஒருவர் சொல்லும் சோழ பாண்டியக் கதை. பின்னது 1942 போராட்டக் காலத்தையும் பழைய பாளையக்காரர் காலத்தையும் பின்னிப் போகும்.

இவையும் தீர்ந்திருந்தால் மேலே போகலாம்.

அறிகுறி: எதை எடுத்தாலும் பத்துப் பக்கத்துக்கு மேல் நகரவில்லை

*மிக எளிய காரணம்: இடைவெளி விடவில்லை.* ஐந்து பாகம் ஒரே குரலைக் கேட்ட காதுக்கு மறுநாளே வேறு குரல் ஒட்டாது. நடுவில் சரித்திரமே இல்லாத ஏதாவது ஒன்றைப் படியுங்கள். சிறுகதை, பயணக் கட்டுரை, துப்பறியும் கதை, எதுவானாலும் சரி. பாதிப் பேருக்கு இதிலேயே குணமாகிவிடும்.

*அடுத்த காரணம்: காலத்தை வைத்துத் தேடுகிறீர்கள்.* சோழர் கதை பிடித்தது, ஆகவே இன்னொரு சோழர் கதை என்று எடுப்பது. பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ராஜராஜன் பெயர் அட்டையில் இருப்பதால் மட்டும் ஒரு நாவல் உங்களுக்குப் பிடித்துவிடாது.

சோதனை இதுதான். பொன்னியின் செல்வனில் நீங்கள் மறுபடியும் மறுபடியும் புரட்டிப் பார்க்கும் அத்தியாயம் எது? யோசிக்காமல் முதலில் தோன்றுவதைச் சொல்லுங்கள்.

*வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவது, ஓலையை மறைப்பது, தப்பி ஓடுவது* என்றால் உங்களுக்கு வேண்டியது சாகசம். சாண்டில்யனிடம் போங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் 'கடல் புறா' வேண்டாம், அது மூன்று பாகம். 'கன்னி மாடம்' அல்லது 'மன்னன் மகள்' ஒன்றை எடுங்கள், ஒரே தொகுதியில் முடியும். முன்னது பாண்டிய நாட்டு வாரிசுச் சண்டைக் காலம். பின்னது ராஜேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பை ஒட்டியது. பிடித்துவிட்டால் பிறகு 'யவன ராணி', அதற்கப்புறம் கடல் புறா.

*கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுக் கூட்டம், பழுவூர் அரண்மனை, நந்தினி பேசும் ஒவ்வொரு பேச்சும்* என்றால் அது அரசியல் சூழ்ச்சி. இங்கே சாண்டில்யனைவிட நா. பார்த்தசாரதிதான் பொருந்துவார். 'நித்திலவல்லி' களப்பிரர் கையில் இருக்கும் மதுரையை மீட்கும் இரகசிய இயக்கத்தின் கதை. சுரங்க வழி, ஒற்றர், யார் யார் பக்கம் என்ற சந்தேகம் எல்லாம் உண்டு. 'பாண்டிமாதேவி' இன்னும் நிதானமானது. மகன் நாட்டை விட்டுப் போக, பின்னால் நின்று கட்டிக் காக்கும் ஒரு தாயின் கதை. நா.பா. உபதேசம் செய்வார், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*குந்தவை, வானதி, அருள்மொழி, அந்தக் குடும்பத்தையே பிரிய மனமில்லை* என்றால் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்'. ராஜேந்திரன் காலம். வந்தியத்தேவர் இதில் முதியவராக வருவார், அந்த ஒரு காரணத்துக்காகவே பலர் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். 1963இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. கல்கிக்குப் பிறகு யார் என்று கேட்பவரைப் பற்றி எதுவுமே தெரியாத நிலையில், கண்ணை மூடிக்கொண்டு நான் கையில் கொடுப்பது இதைத்தான்.

*ஆழ்வார்க்கடியான்* என்றால் கொஞ்சம் சிரமம். சரித்திர நாவல்காரர்களில் பலர் சிரிக்க மாட்டார்கள். சுஜாதாவின் 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை'யைப் பாருங்கள். சுஜாதாவின் துப்பறியும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் ராஜராஜன் காலத்தில் பிறந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படிப் போகும். சரித்திர நாவலின் நடையையே லேசாகக் கிண்டல் செய்துகொண்டு போகும் புத்தகம் என்பதால் கல்கியை முடித்த சூட்டோடு படிக்க மிகப் பொருத்தம்.

*பூங்குழலி, கோடிக்கரை, படகு, இலங்கைக் காடு* என்றால் உங்களுக்குப் பிடித்தது நிலமும் நீரும். கடல்தான் வேண்டும் என்றால் சாண்டில்யனின் 'ஜல தீபம்'. மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயின் காலம். தஞ்சையிலிருந்து போகும் ஒருவன் கொங்கணக் கரையில் மாலுமியாகிறான். காடும் மலையும் வேண்டும் என்றால் சு. வெங்கடேசனின் 'வீரயுக நாயகன் வேள்பாரி'. ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது படம் போட்டவர் மணியம் செல்வன். கல்கி இதழில் பொன்னியின் செல்வனுக்குப் படம் போட்ட மணியத்தின் மகன். அட்டையைப் பார்த்தவுடன் பழக்கப்பட்ட வீட்டுக்குள் நுழைகிற உணர்வு வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

*கதையைவிட "அப்போ எப்படி வாழ்ந்திருப்பாங்க" என்பதுதான் இழுக்கிறது* என்றால் பாலகுமாரனின் 'உடையார்'. ஆறு பாகம். தஞ்சைப் பெரிய கோயில் எழும்புவதுதான் கதை. கல்தச்சர், யானை, கயிறு, சாரம், சோறு, சாதிப் பூசல் எல்லாம் வரும். வேகம் எதிர்பார்க்காதீர்கள். முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள். ஆறையும் மொத்தமாக வாங்கி முதல் பாகத்திலேயே நின்றுபோனவர்களின் தொகுதிகள் பழைய புத்தகக் கடைகளில் புத்தம் புதிதாகக் கிடைக்கும். அதிலும் ஒரு நன்மை இருக்கிறது.

அறிகுறி: சாண்டில்யனை எடுத்தேன், வர்ணனை தாங்கவில்லை

மிகவும் அடிக்கடி வரும் புகார். நாயகி திரையை விலக்கிக்கொண்டு வருவாள், மூன்று பக்கம் கழித்துத்தான் உட்காருவாள்.

முதல் காரணம், வாசிக்கும் வேகம். இவை வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று பத்திரிகையில் வந்தவை. முன் வாரம் நடந்ததை நினைவூட்ட வேண்டும், படத்துக்கு ஒரு காட்சி வேண்டும், கடைசி வரியில் தொங்கவிட வேண்டும். நாளைக்கு இரண்டு அத்தியாயத்துக்கு மேல் படிக்காதீர்கள். ஒரே மூச்சில் இருபது அத்தியாயம் படித்தால் யாருடைய தொடர்கதையும் சலிக்கும். வர்ணனையைத் தாண்டிப் படிப்பதில் பாவம் ஒன்றும் இல்லை, அந்தக் காலத்திலேயே பலர் அப்படித்தான் படித்தார்கள்.

இரண்டாவது காரணம், எடுத்த புத்தகம். வர்ணனையின் அளவு எல்லா நாவலிலும் ஒன்றல்ல. போர்த் தந்திரமும் கடலும் மிகுந்தவற்றில் அதற்கு இடம் குறைவு. ஜல தீபத்தை ஒருமுறை முயன்று பாருங்கள்.

அதுவும் ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள். பெண்களைப் பார்க்கும் பார்வையே உறுத்துகிறது என்றால் அது சலிப்பு இல்லை, நியாயமான காரணம். அகிலனுக்கோ நா.பா.வுக்கோ மாறலாம். அ. வெண்ணிலாவின் 'கங்காபுரம்' பக்கமும் போகலாம். ராஜேந்திர சோழனையே எடுத்துக்கொண்டு, வெற்றியைவிட அவனுடைய மனக்குறையைப் பேசுகிற நாவல் அது. போர்க்களம் வேண்டும் என்று வருகிறவர் ஏமாந்து போவார். அரசன் என்கிற மனிதனைத் தேடி வருகிறவர் ஏமாற மாட்டார்.

அறிகுறி: யாரை எடுத்தாலும் சோழன், சோழன், சோழன்

திகட்டல். மருந்து எளிது, ஊரையோ நூற்றாண்டையோ மாற்றுங்கள். ஆனால் ஒரேயடியாகத் தூரப் போகாமல் படிப்படியாகப் போனால் நல்லது.

பல்லவர் பக்கம் திரும்ப வேண்டும் என்றால் ஜெகசிற்பியனின் 'நந்திவர்மன் காதலி' அல்லது சாண்டில்யனின் 'ராஜ திலகம்'. பாண்டியர் என்றால் அகிலனின் 'கயல்விழி'. எம்.ஜி.ஆர். நடித்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' படத்துக்கு அதுதான் மூலம். படத்தை மறந்துவிட்டுப் படியுங்கள். விஜயநகரம் என்றால் ரா.கி. ரங்கராஜனின் 'நான் கிருஷ்ணதேவராயன்'. அரசனே தன் கதையைச் சொல்வது போல எழுதப்பட்டது. "மன்னர் புன்முறுவல் பூத்தார்" வகை வாக்கியங்களிலிருந்து பெரிய விடுதலை.

இவற்றையெல்லாம் தாண்டி ஒன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஸ்ரீவேணுகோபாலனின் 'திருவரங்கன் உலா'. 1323இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியபோது உற்சவர் சிலையைத் தூக்கிக்கொண்டு ஒரு சிறு கூட்டம் கிளம்பியது. அந்தச் சிலை பல ஊர்களில் மறைந்திருந்து 1371இல்தான் திரும்பியது. நாவலில் அரசன் நாயகன் இல்லை, ஒளித்துக் கொண்டுபோகப்படும் ஒரு சிலைதான் மையம். பக்தி இருப்பவர் ஒரு மாதிரி படிப்பார், இல்லாதவர் துரத்தல் கதையாகப் படிப்பார், இரண்டு பேரும் முடித்துவிடுவார்கள். தொடர்ச்சியாக 'மதுரா விஜயம்' இருக்கிறது. கல்கிக்குப் பிறகு எதுவுமே ஓடாதவர்களுக்கு ஓடியது என்று பார்த்தால், நான் கண்டவரை, வேங்கையின் மைந்தனுக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

மன்னர்களே போதும் என்றால் பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வாருங்கள். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', அதைத் தொடரும் 'வானம் வசப்படும்' இரண்டும் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைச் சுற்றி எழுந்தவை. துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), வணிகர், தாசி, சேவகர் என்று தெருவே உள்ளே வரும். வானம் வசப்படும் 1995இல் சாகித்ய அகாதெமி பெற்றது. அதற்குப் பக்கத்திலேயே மு. ராஜேந்திரனின் '1801', 'காலா பாணி'. மருது சகோதரர்களின் போரும், அதன் பிறகு 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டவர்களின் கதையும்.

இன்னும் இந்தப் பக்கம் வந்தால் சுஜாதாவின் 'ரத்தம் ஒரே நிறம்' (1857), ஜெயமோகனின் 'வெள்ளை யானை' (1870களின் பெரும் பஞ்சம், சென்னை ஐஸ் ஹவுஸ்), திவாகரின் 'எஸ்.எம்.எஸ். எம்டன்' (1914இல் சென்னை மீது குண்டு விழுந்தது). வெள்ளை யானையைத் தூங்கப் போகும் முன் எடுக்காதீர்கள்.

இலங்கை பக்கம் ஆர்வம் இருந்தால் செங்கை ஆழியானின் சரித்திர நாவல்கள் உண்டு, 'நந்திக்கடல்', 'கடற்கோட்டை' போன்றவை. 'நூலகம்' என்ற இணையதளத்தில் ஈழத்து நூல்கள் ஏராளமாக மின்படியாக இருப்பதால் அங்கேயே தேடத் தொடங்கலாம். தமிழின் முதல் சரித்திர நாவலாகச் சொல்லப்படும் 'மோகனாங்கி' (1895) எழுதிய தி.த. சரவணமுத்துப் பிள்ளையும் திருகோணமலைக்காரர்தான்.

அறிகுறி: "ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?" மண்டையைக் குடைகிறது, வேறெதிலும் மனம் போகவில்லை

இது நாவல் பசி இல்லை, வேறு வகைக் கோளாறு.

முதலில் பார்க்க வேண்டியது: ஐந்தாம் பாகத்தின் கடைசியில் இருக்கும் முடிவுரையைப் படித்தீர்களா? வாசகர்களின் கேள்விகளுக்குக் கல்கியே பதில் சொல்லும் பகுதி. சில பதிப்புகளில் ஒதுங்கிக் கிடப்பதால் கண்ணில் படாமல் போகும். ஒலிப்புத்தகமாகக் கேட்டவர்களில் பலர் அதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள்.

அடுத்து, தொடர்ச்சி நாவல்கள். விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி', அனுஷா வெங்கடேஷின் 'காவிரி மைந்தன்' இரண்டும் கல்கி விட்ட இடத்திலிருந்து கதையை எடுத்துப் போகின்றன. கல்கியின் பாத்திரங்கள் வேறொருவர் வாயில் பேசுவது உங்களுக்கு ஒத்துவருமா என்று முதல் மூன்று அத்தியாயத்தில் தெரிந்துவிடும். எனக்கு ஒத்துவரவில்லை. என்னிடம் வாங்கிப் போனவர்களில் பலருக்கு வந்தது. காலச்சக்கரம் நரசிம்மாவின் 'சங்கதாரா' நேர் எதிர்த்திசை. நீங்கள் போற்றும் பாத்திரங்களையே சந்தேகக் கூண்டில் ஏற்றும். குந்தவை மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் தள்ளி நிற்கவும்.

இதற்கும் அடங்காவிட்டால் நாவலை மூடுங்கள். காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு இருக்கிறது. கொலையோடு தொடர்புடைய ரவிதாசன் முதலானோரின் பெயரும், அவர்களின் உறவினரின் நிலம் பறிமுதலான செய்தியும் அதில் வருகின்றன. அதை எப்படி வாசிப்பது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்', சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். கல்கியும் இந்த இருவரின் நூல்களிலிருந்துதான் எடுத்தார். சிவகாமியின் சபதத்தில் இதே போல மாட்டிக்கொண்டவர்களுக்கு மயிலை சீனி. வேங்கடசாமியின் 'மகேந்திரவர்மன்', 'வாதாபி கொண்ட நரசிம்மவர்மன்'. இரண்டுமே மெல்லிய நூல்கள்.

அறிகுறி: இப்போது எழுதுகிறவர்களின் புத்தகம் கனமாக இருக்கிறது, உள்ளே போக முடியவில்லை

பெரும்பாலும் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்ட'த்தையோ பூமணியின் 'அஞ்ஞாடி'யையோ பற்றித்தான் இந்தப் புகார் வரும். இரண்டும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டுபவை, இரண்டும் அகாதெமி விருது பெற்றவை (2011, 2014). பரிசு வாங்கியதே என்று எடுத்து, வட்டாரப் பேச்சில் சிக்கி, ஐம்பதாம் பக்கத்தில் விட்டவர்கள் பலர்.

இங்கே பழுது புத்தகத்திலும் இல்லை, உங்களிடத்திலும் இல்லை. கல்கியில் ஒருவனைப் பின்தொடர்ந்து போனால் போதும், கதை புரியும். இவற்றில் ஊர்தான் நாயகன். ஆள் வருவான், சாவான், பேரன் வருவான். யார் நாயகன் என்று தேடுவதை நிறுத்தினால் பாதிச் சிக்கல் தீரும். பேச்சு வழக்கு புரியாவிட்டால் முதல் நூறு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும்.

அதற்கும் மசியாவிட்டால் படி இறங்குங்கள். சு. வெங்கடேசன்தான் வேண்டும் என்றால் முதலில் வேள்பாரி, பிறகு காவல் கோட்டம். அரவான் படம் காவல் கோட்டத்தின் ஒரு கிளைக் கதையிலிருந்து வந்தது, அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவர்களும் உண்டு. எஸ். ராமகிருஷ்ணனின் 'இடக்கை' (ஔரங்கசீப்பின் கடைசிக் காலம்) அளவில் சிறியது. பிற மொழி என்றால் மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் 'சிக்கவீர ராஜேந்திரன்'. குடகின் கடைசி அரசனின் வீழ்ச்சி, தமிழிலும் வந்திருக்கிறது.

இன்றைக்கு எழுதுகிறவர்களில் எல்லோரும் கனமாக எழுதுவதில்லை. சி. வெற்றிவேலின் 'வானவல்லி', 'வென்வேல் சென்னி' பழைய தொடர்கதைச் சூட்டோடு போகும். கோகுல் சேஷாத்ரியின் 'ராஜகேசரி', 'சேரர் கோட்டை' இரண்டிலும் கல்வெட்டுச் செய்தியைக் கதையாக்கும் ஆசை தெரியும்.

புதிய பெயர் எதையும் வாங்கும் முன் முன்னுரையைப் படித்துவிடுங்கள். ஆதாரம் எங்கே கிடைத்தது என்று சொல்வதைவிட, தன் குலத்துக்கும் அந்த அரசனுக்கும் என்ன உறவு என்று நிறுவுவதிலேயே முன்னுரை போய்விட்டால் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிடலாம். அந்த வகை நாவல்கள் இப்போது கொஞ்சம் அதிகமாகவே வருகின்றன.

அறிகுறி: பெயர் தெரிகிறது, புத்தகம் கிடைக்கவில்லை

கிடைக்கவில்லை என்பதில் பாதி, தேடியது தவறு என்பதுதான். ஒருவருக்கே இரண்டு மூன்று பெயர் இருக்கும். ஸ்ரீவேணுகோபாலனும் புஷ்பா தங்கதுரையும் ஒரே ஆள். நா. பார்த்தசாரதி 'மணிவண்ணன்' என்ற பெயரிலும் எழுதினார். ஜெகசிற்பியன் சில பட்டியலில் ஜகசிற்பியன், விக்கிரமன் சிலவற்றில் விக்ரமன். கடல் புறா சேர்ந்தும் இருக்கும், பிரிந்தும் இருக்கும். எழுத்தாளர் பெயரில் தேடி வராவிட்டால் நாவலின் பெயரில் ஒரே ஒரு சொல்லைப் போட்டுத் தேடுங்கள்.

அடுத்தது இலவச வழி. கல்கி, நா. பார்த்தசாரதி, மயிலை சீனி. வேங்கடசாமி போன்றோரின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடிப் பாருங்கள். நாட்டுடைமை ஆகாதவர்களின் புத்தகம் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆக வந்தால், அது யாரோ ஒருவரின் ராயல்டி.

பிறகு கிளை நூலகம். ஊர்க் கிளை நூலகத்தில் இல்லாவிட்டால் மாவட்ட மைய நூலகம். அறுபது எழுபதுகளில் வந்த சரித்திர நாவல்கள் கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்து அங்கேதான் இருக்கும். கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

காசு செலவழிக்கலாம் என்றால் பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி, ஆகஸ்டில் ஈரோடு. பழைய பதிப்பு என்றால் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகள். அங்கே சில சமயம் பைண்டு வால்யூம் கிடைக்கும், அதாவது பத்திரிகையில் வந்த தொடரை வாரா வாரம் கிழித்துத் தைத்து வைத்தது. படங்களோடு, பின்பக்க விளம்பரங்களோடு இருக்கும். வாங்கும் முன் அத்தியாய எண் விடாமல் ஓடுகிறதா என்று புரட்டுங்கள். தைத்து வைத்தவர் ஊருக்குப் போயிருந்த வாரத்து அத்தியாயம் நிச்சயம் இருக்காது. விலையைப் பேசுங்கள், ஆனால் படத்துக்காக வாங்குகிறோம் என்று காட்டிக்கொள்ளாதீர்கள்.

எங்குமே இல்லாவிட்டால் எழும்பூர் கன்னிமாரா. இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படி சட்டப்படி வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. அந்தப் படிகளை வீட்டுக்குத் தர மாட்டார்கள், உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். பழைய இதழ்களே வேண்டும் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

எப்போது நிபுணரைக் கூப்பிட வேண்டும்?

மேலே சொன்ன பிரிவுகளில் வெவ்வேறான மூன்றை முயன்று மூன்றும் பாதியில் நின்றால், நான்காவதை நீங்களாக வாங்காதீர்கள். ஆளைப் பாருங்கள். நிபுணர் என்றால் பட்டம் பெற்றவர் இல்லை. பல வருஷமாக ஒரே கிளை நூலகத்தில் இருக்கும் நூலகர், மிச்சமிருக்கும் லெண்டிங் லைப்ரரிக்காரர், பழைய புத்தகக் கடைக்காரர். யார் எதை எடுத்துப் போய் எத்தனை நாளில் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்த விமர்சனக் கட்டுரையிலும் அது இருக்காது.

கேட்கும் விதம் முக்கியம். "நல்ல சரித்திர நாவல் ஒண்ணு கொடுங்க சார்" என்றால் மேசை மேல் இருப்பதைக் கொடுத்து அனுப்பிவிடுவார். இப்படிக் கேளுங்கள்:

"மேடம், வேங்கையின் மைந்தன் ரெண்டே நாள்ல முடிச்சேன். உடையார் முதல் பாகத்துலயே நின்னுடுச்சு. நந்தினி மாதிரி ஆள் வர்ற கதையா வேணும், ஒரே புத்தகமா இருக்கணும்."

பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று, வேண்டியது ஒன்று, அளவு. இவ்வளவு போதும், அவர் நேராக அலமாரிக்கு நடந்துவிடுவார்.

கேள்வி கதையைத் தாண்டிக் கல்வெட்டுக்குப் போய்விட்டால் நூலகரும் உதவ முடியாது. மாவட்டத்தில் தொல்லியல் துறை அலுவலரோ அருங்காட்சியகக் காப்பாட்சியரோ இருப்பார். பல ஊர்களில் கல்வெட்டு வாசிக்கக் கற்றுத்தரும் ஆர்வலர் குழுக்களும் கோயில்களுக்கு நடைப்பயணம் போகும் குழுக்களும் உண்டு. ஒன்றில் சேர்ந்துவிடலாம்.

அப்படிச் சேர்ந்தவர்களுக்கு அப்புறம் நாவல் சிபாரிசு செய்து பயனில்லை. "இந்த வருஷத்துல அவன் பட்டத்துக்கே வரலையே" என்று பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் குறித்து வைப்பார்கள். அப்படி ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவர் வீட்டு அலமாரியில் கடல் புறா மூன்று பாகமும் தூசியோடு இருக்கிறதா என்று விசாரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.